ஏடும் உள்ளீடும்

பழங்காலத்தில் நம் நூல்கள் யாவும் பனையோலையில் எழுத்தாணியால் எழுதப்பெற்றன. ஓலை மெல்லியது, எழுத்தாணியோ கூரியது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சி, ஏடெழுதுவோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமலே எழுதிச் சென்றனர். எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் காண்பது அரிது. ஆதலால் ஏட்டில் 'கொள' எனத் தோன்றுவதைக் 'கொள்' என்றும் படிக்கலாம். 'கோள்' என்றும் படிக்கலாம். 'கொள' என்றே படிக்கினும் படிக்கலாம். இடம் நோக்கி, முன்னும் பின்னும் பொருள் கண்டு, படிப்பவரே புள்ளியிட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

இத்தகைய ஏடுகளைக் கொண்டு நூல்களை அச்சேற்றிய பெரியோர் பட்ட பாடு சொல்லில் அடங்காது. ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடித் தொகுத்தனர். ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்புநோக்கினர். ஓரெழுத்தின் பொருட்டுப் பல நாள் சிந்தித்தனர். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் இவ்வாறு உழைத்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். பிழையை அறிவது புலமையின் ஒரு பாதி என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

ஏட்டைப் படிப்பவன் மனிதன். ஆதலின், எழுதியவன் விட்டதை அவன் தன் அறிவால் நிரப்பிக்கொள்கிறான். படிப்பது கணிப்பொறியாயின் என்ன ஆகும்? அதற்குப் பொருள் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும். எழுதியவாறே அது கொள்ளும். எழுதாமல் விட்ட இடத்தில், தனக்கு முன்னரே சொல்லிவைக்கப்பட்ட ஒன்றை இட்டு நிரப்பிக்கொண்டு மேலே செல்லும். இதனால் விளையும் இடரையும், அதனைத் தடுக்கும் ஒரு துணையையும் நான் கண்டறிந்தது, பழனிமலையிலுள்ள கூக்கால் என்னும் சிற்றூரில் ஆகும். அவ்வரலாற்றை இங்குக் கூறுவேன்.

கோடைக்கானலைச் சூழ்ந்த மலையூர்களுள் சிலவற்றை மேல்மலை ஊர்கள் என்று வழங்குவர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் முதலியன அவை. கூக்காலில் ஓர் ஏரி உண்டு. ஏரியைச் சுற்றிச் சோலைக்காடு கரும்பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் அடர்ந்திருக்கும். ஊரைச் சார்ந்த சரிவுகளில், படிப்படியாக மண்ணை வெட்டிச் சமன்செய்து, வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடுகின்றனர். கோடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையை உடையது.

மலை என்றால் நீருக்குக் குறைவில்லை என்று சமவெளியில் வாழும் நாம் எண்ணுகிறோம். அது முழுதும் உண்மை அன்று. மலையுச்சிப் புல்வெளியும் சோலையும் மழைநீரைத் தம்முள் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றாய் வெளிவிடும் இயல்பின. பழனிமலையின் புல்வெளிகளோ, நாற்பது ஆண்டுக் காலத்தில், சீகை முதலிய அயல்மரத் தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன என்று 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கின்றது. எனவே, கிடைக்கும் ஊற்றுநீரைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து பயன்படுத்துதல் மேல்மலை உழவர்க்குத் தலையாய கடமை ஆயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் அழைப்பிற்கிணங்கிக் கூக்கால் சென்றிருந்தேன். அவர் பூண்டு பயிரிடும் உழவர். பொறியியற் கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தியும் உடன் வந்தாள். மாலையில் அடுப்பங்கரையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது அவ்வுழவர் தம் கவலையைக் கூறினார்.

"ஐயா, மேலே சோலையோரத்தில் ஓர் ஊற்று உள்ளது. அங்கிருந்து குழாய் வைத்து நீரை இறக்கினால் எங்கள் பத்துக் குடும்பத்தின் நிலமும் பிழைக்கும். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். எந்த அளவுக் குழாய் வாங்குவது என்பதுதான் தெரியவில்லை. பெரிய குழாய் வாங்கப் பணம் போதாது. சிறிய குழாய் வாங்கி நீர் வாராதொழிந்தால், மறுமுறை பணம் சேர்க்க எங்களால் இயலாது."

இதனைக் கேட்ட என் பெயர்த்தி, "மாமா, வாங்குவதற்கு முன்பே கணித்துப் பார்த்துவிடலாம்" என்று கூறித் தன் மடிக்கணினியைத் திறந்தாள்.

அவள் செய்யத் தொடங்கியது உருவகக் கணிப்பு எனப்படும். உருவகம் என்பது அணியிலக்கணத்தில் நாம் அறிந்த சொல்லே. முகத்தைத் தாமரையாகவே கூறினால் அஃது உருவகம். அதுபோலவே, மலையையும் ஊற்றையும் குழாயையும் எண்களாகவே ஆக்கி, அவ்வெண்களின்மீது இயற்கையின் விதிகளைச் செலுத்தி, மெய்யாக நிகழ்வது எவ்வாறு இருக்கும் என்று முன்னறிதலே உருவகக் கணிப்பு. மழை வருமா என்று வானிலை நிலையத்தார் அறிவதும், பாலம் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளர் அறிவதும், உலோகத்தின் அணுக்கள் வெப்பத்தில் எவ்வாறு அசையும் என்று அறிவியலார் அறிவதும் இம்முறையாலேயே. குழாயைப் புதைத்த பின் பிழையை உணர்வதினும், புதைக்கும் முன் எண்ணில் உணர்வது நன்று அன்றோ?

குழாய்வழி நீரோட்டத்தைக் கணிப்பதற்கு ஈபாநெட் என்னும் நிரல் உள்ளது. அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. விலையின்றிக் கிடைப்பதால் உலகெங்கும் அதனைப் பயன்படுத்துகின்றனர். இந்நிரலுக்கு நாம் கூற வேண்டிய செய்திகளை எல்லாம் வரிவரியாக எழுதித் தருதல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் கோப்பிற்கு உள்ளீட்டுக் கோப்பு என்று பெயர்.

உள்ளீட்டுக் கோப்பிற்கும் இலக்கணம் உண்டு. ஈபாநெட்டின் கோப்பு பல இயல்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வோர் இயலின் தலைப்பும் பகர அடைப்புக்குள் நிற்கும். நீர்நிலைகளுக்கு ஓர் இயல். குழாய்கள் கூடும் சந்திகளுக்கு ஓர் இயல். குழாய்களுக்கு ஓர் இயல். பொதுவிதிகளுக்கு ஓர் இயல். குழாய் இயலில் ஒரு வரி எழுதினால், முதலில் குழாயின் பெயர், அடுத்து அது தொடங்கும் சந்தி, பின் முடியும் சந்தி, பின் நீளம், விட்டம், வழவழப்பைக் காட்டும் எண் என இந்த முறையிலேயே எழுதுதல் வேண்டும். நீளமும் விட்டமும் இடம் மாறினால் ஊசி உலக்கையாகும்; உலக்கை ஊசியாகும். வேறு சில நிரல்களின் இலக்கணம் இதனினும் கடுமையானது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவில் 1960-களில் உருவான நாஸ்ட்ரான் என்னும் கட்டமைப்புக் கணிப்பு நிரலின் பழைய முறையில், ஒரு வரியை எட்டெட்டு எழுத்திடமாகப் பகுத்து, ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய கட்டத்துக்குள்ளேயே எழுதுதல் வேண்டும். எண் ஓரிடம் நகர்ந்து அடுத்த கட்டத்தில் விழுந்தால் பொருளே வேறாகிவிடும். வெண்பாவின் தளையினும் இத்தளை இறுக்கமானது என்று சொல்லலாம்.

இத்தகைய கோப்பைப் பிழையின்றி எழுத உதவுவது உரைதிருத்தி. உரைதிருத்தி என்பது கணினியில் எழுதுவதற்கான வெறும் பலகை போன்றது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் என்பது அவற்றுள் மிகுதியும் வழங்குவது. வெறும் பலகைக்கு எந்த மொழியின் இலக்கணமும் தெரியாது. ஒரு மொழியின் இலக்கணத்தை அதற்குக் கற்பித்து இணைக்கும் சிறு நிரலுக்கு நீட்சி என்று பெயர். என் பெயர்த்தியும் அவள் தோழியர் இருவரும் சேர்ந்து, ஈபாநெட் கோப்பை எழுதுவதற்கென்றே ஒரு நீட்சியை ஆக்கி வைத்திருந்தனர். அதன் செயலை அருகிருந்து கண்டேன்.

அவள் எழுத எழுத, இயல்களின் தலைப்பு ஒரு நிறத்திலும், பெயர்கள் ஒரு நிறத்திலும், எண்கள் ஒரு நிறத்திலும் தோன்றின. அச்சிட்ட உரைநூலில் மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் இருப்பதால் கண் மயங்காமல் படிக்கிறோம் அல்லவா? அதுபோன்ற உதவி இது. ஒரு சொல்லின் முதலிரண்டு எழுத்தை அவள் தட்டிய அளவில், முழுச்சொல்லையும் நீட்சி காட்டி நின்றது. பாட்டை ஒப்பிக்கும் மாணவன் திகைத்து நிற்கும்போது ஆசிரியர் அடியெடுத்துக் கொடுப்பதை அது நினைவூட்டியது. ஒரு சொல்லின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், அச்சொல்லின் பொருளும் அதற்குரிய அலகும் சிறு பெட்டியில் விரிந்தன. இது பதவுரை.

திடீரென ஒரு வரியின்கீழ்ச் சிவப்பு நெளிகோடு ஒன்று தோன்றியது. "இஃது என்ன அம்மா?" என்று வினவினேன். "தாத்தா, நான் எழுதிய குழாய் போய்ச் சேரும் சந்தியின் பெயரில் ஓரெழுத்து மாறிவிட்டது. அப்பெயருடைய சந்தி கோப்பில் எங்கும் இல்லை என்று இது சொல்கிறது" என்றாள், பின் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பழகியதுதான், சந்திப்பிழை" என்றாள். நாற்பது ஆண்டுக் காலம் சிவப்பு மையால் சந்திப்பிழை திருத்திய எனக்கு, அவ்வேலையை ஒரு பொறி செய்வது கண்டு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றின.

நீட்சி எவ்வாறு பிழையை அறிகின்றது? நாம் செய்யுளை அறியும் முறையே அதன் முறையும். முதலில் வரியைச் சொற்களாகப் பிரிக்கின்றது. பின் ஒவ்வொரு சொல்லும் எவ்வகையைச் சேர்ந்தது என்று பாகுபடுத்துகின்றது. அதன்பின், வகைகள் அமைந்த வரிசை விதிக்கு ஒத்துள்ளதா என்று நோக்குகின்றது. சீர் பிரித்து, அசை பிரித்து, அலகிட்டு, தளை காண்கிறோம் அல்லவா? அதுவே இது. இறுதியாக, ஓரிடத்தில் கூறிய பெயர் பிறிதோரிடத்தில் உள்ளதா என்று கோப்பு முழுவதையும் ஒப்புநோக்குகின்றது.

முன்பெல்லாம் ஒவ்வோர் உரைதிருத்திக்கும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே கற்பிக்க வேண்டியிருந்தது. உரைதிருத்தி ஐந்தும் மொழி பத்தும் இருப்பின், ஐம்பது முறை உழைத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டில், உரைதிருத்தியும் மொழியறிந்த நிரலும் தம்முள் உரையாடுவதற்குப் பொதுவான நெறிமுறை ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன்பின், மொழிக்கு ஒரு முறையும் திருத்திக்கு ஒரு முறையும் உழைத்தால் போதும்; ஐம்பது பதினைந்தாகச் சுருங்கியது. கல்லூரி மாணவியர் மூவர் தாமே ஒரு நீட்சியை ஆக்க முடிந்ததற்கு இத்தகைய பொதுநெறிகளும் ஒரு காரணம்.

சந்திப்பிழையைத் திருத்தியதும் கோப்பில் சிவப்புக்கோடு எங்கும் இல்லை. உழவர் கூறிய அளவுகள் இவை: ஊற்று, நிலத்தினும் 40 மீட்டர் உயரத்தில் உள்ளது, குழாயின் நீளம் 1200 மீட்டர், வேண்டிய நீர் வினாடிக்கு 3 லிட்டர். அவர்கள் வாங்க எண்ணிய குழாயின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். பெயர்த்தி நிரலை இயக்கினாள். நொடிப்பொழுதில் விடை வந்தது. குழாயின் கடைமுனையில் அழுத்தம் 17 என்று காட்டியது.

"நல்ல விடை! நீர் 17 மீட்டர் அழுத்தத்துடன் வந்து சேரும். நீங்கள் எண்ணிய குழாயே போதும், மாமா" என்று அவள் மகிழ்ந்து கூறினாள்.

உழவர் மகிழவில்லை. சிறிது நேரம் அடுப்புத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் தயங்கித் தயங்கி, "கணினி சொல்வதை மறுக்க நான் யார், ஐயா? ஆனால், அடுத்த சரிவில் ஒருவர் இதே அளவுக் குழாயை இதே தொலைவுக்குப் போட்டார். நீர் நூல்போலத்தான் வருகிறது" என்றார்.

அச்சொல் என் பெயர்த்தியின் முகத்தை மாற்றியது. அவள் மறுமொழி கூறாமல் கோப்பை மீண்டும் முதலிலிருந்து வரிவரியாகப் படித்தாள். எழுதிய வரிகளில் பிழை ஒன்றும் இல்லை. பிழை, எழுதாத வரியில் இருந்தது.

பொதுவிதி இயலில், நீரின் அளவை எந்த அலகில் கூறுகிறோம் என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும். வினாடிக்கு லிட்டர் என்று அங்கே குறித்தால், நீளத்தை மீட்டராகவும் விட்டத்தை மில்லிமீட்டராகவும் நிரல் கொள்ளும். ஒன்றும் குறிக்காமல் விட்டால், அமெரிக்க வழக்கப்படி நிமிடத்திற்குக் காலன் என்று அது தானே வைத்துக்கொள்ளும், அப்போது நீளமும் உயரமும் அடியாகும், விட்டம் அங்குலமாகும். அவள் அவ்வொரு வரியை மறந்துவிட்டாள். நிரல் குறை கூறவில்லை. எழுதாததைத் தன் வழக்கப்படி நிரப்பிக்கொண்டது. 50 மில்லிமீட்டர்க் குழாயை 50 அங்குலக் குழாயாகக் கொண்டது. அஃது ஒரு சிறுவன் நிமிர்ந்து நடந்து செல்லத்தக்க பெருங்குழாய்! அதில் நிமிடத்திற்கு மூன்று காலன் நீர் சென்றால் உராய்வு எங்கிருந்து வரும்? நாற்பது மீட்டர் உயரம் நாற்பது அடியாகச் சுருங்கியது. விடையாக வந்த 17 என்பதும் மீட்டர் அன்று; சதுர அங்குலத்திற்கு 17 பவுண்டு என்பது. விடைத்தாளின் தலைப்பில் அவ்வலகு குறிக்கப்பட்டே இருந்தது. எண் நல்லதாய் இருந்த மகிழ்ச்சியில் அவள் தலைப்பை நோக்கவில்லை.

விட்டுப்போன வரியை எழுதி மீண்டும் இயக்கினாள். இப்போது வந்த விடை வேறு. வினாடிக்கு 3 லிட்டர் நீர் அக்குழாயில் ஓட வேண்டுமாயின், உராய்வினால் மட்டும் ஏறத்தாழ 62 மீட்டர் உயரத்திற்குரிய ஆற்றல் இழக்கப்படும். இருப்பதோ 40 மீட்டர் உயரம். நாற்பது வரவு வைத்து அறுபத்திரண்டு செலவு செய்வது எங்ஙனம்? வேண்டிய அளவு நீர் ஒருநாளும் வந்து சேராது. உழவரின் ஐயமே உண்மை ஆயிற்று.

"குழாயைச் சற்றுப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்" என்று கூறி, விட்டத்தை 75 மில்லிமீட்டராக மாற்றினாள். உராய்வால் இழப்பது 62 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 9 மீட்டராக இறங்கியது. விட்டம் ஒன்றரை மடங்கு ஆனால் இழப்பு ஏழில் ஒரு பங்காகிறது. விட்டம் பாதியானால் இழப்பு ஏறத்தாழ 29 மடங்காகிறது. குழாயின் விட்டத்தில் நேரும் சிறு வேறுபாடும் இத்துணைப் பெரிதாகப் பெருகும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். 75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய குழாய் தேவையில்லை என்பதும் இதனால் விளங்கியது. சேர்த்த பணம் மிகுதியும் வீணாகாமல், குறைந்தும் வீணாகாமல் காக்கப்பட்டது.

அன்றிரவு நான் உறங்கச் சென்ற பின்னும் என் பெயர்த்தி விழித்திருந்தாள். காலையில் எழுந்ததும், "தாத்தா, நீட்சியில் ஒரு புது விதியைச் சேர்த்துவிட்டேன்" என்றாள். அலகைக் குறிக்கும் வரி இல்லாத கோப்பை அவள் திறந்து காட்டினாள். கோப்பின் தலைப்பகுதியில் மஞ்சள் நெளிகோடு ஒன்று தோன்றியது. "அலகு கூறப்படவில்லை, நிமிடத்திற்குக் காலன் என்று கொள்ளப்படும்" என்னும் எச்சரிக்கை அதன்கீழ் நின்றது. இலக்கியம் முன்னே தோன்ற, அதனைக் கண்டு இலக்கணம் பின்னே எழுந்தது என்பர் அறிஞர். அதுபோலவே, பிழை முன்னே தோன்ற, அதனைத் தடுக்கும் விதி பின்னே எழுந்தது. தான் செய்த பிழையை மறைக்காமல், பிறர் அப்பிழையைச் செய்யாதவாறு வேலியிட்டது அவள் செய்கையிற் சிறந்தது என்று எனக்குத் தோன்றியது.

அலகு பற்றிய பிழை மாணவர்க்கே உரியது என்று எண்ண வேண்டா. பெரியோரையும் அது வீழ்த்தியதுண்டு. செவ்வாய்க் கோளின் வானிலையை ஆராய்வதற்காக நாசா 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஒரு விண்கலத்தை ஏவியது. ஒன்பது மாதங்களுக்கு மேல் பயணம் செய்த அக்கலம், 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் செவ்வாயை நெருங்கியபோது அழிந்தது. காரணம் யாது? கலத்தின் சிறு உந்துவிசைகளைக் கணக்கிட்டுக் கோப்பில் எழுதித் தந்த நிரல், பவுண்டு அலகில் எழுதியது. அக்கோப்பைப் படித்துப் பாதையைக் கணித்தவர்கள் நியூட்டன் அலகு என்று கொண்டனர். இரண்டிற்கும் ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு. செவ்வாய்க்கு 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்திற்குத் தாழ்ந்து, அக்கோளின் காற்றுமண்டலத்தில் சிக்கியது. எண்கள் யாவும் சரியே. எண்ணின் பின்னே நிற்க வேண்டிய சொல் ஒன்று நோக்கப்படவில்லை.

அணுக்களின் அசைவைக் கணிக்கும் லாம்ப்ஸ் என்னும் நிரலிலும் இதுபோன்றதோர் இடர் உண்டு. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் வளர்ந்த அந்நிரலில், அலகுமுறைகள் பல உள்ளன. ஒரு முறையில் காலத்தை ஃபெம்டோ வினாடியாலும், மற்றொரு முறையில் பிக்கோ வினாடியாலும் அளப்பர். பின்னது முன்னதினும் ஆயிரம் மடங்கு பெரிது. அலகுமுறையை மாற்றிவிட்டுக் கால அளவை மாற்ற மறந்தால், அணுக்கள் ஒரே தாவலில் ஆயிரம் தாவலைத் தாவி, கணிப்பே சிதறிப்போகும். அந்நிரலின் கோப்பை எழுதுவோர்க்கும் உரைதிருத்தி நீட்சிகள் உள்ளன. சொல்லை நிறம்பிரித்துக் காட்டுதலும், சொற்பொருளை எழுதும் இடத்திலேயே விரித்துக் கூறுதலும் அவற்றின் பணியாகும்.

இனி, நீட்சியின் எல்லை எது என்பதையும் அறிதல் வேண்டும். நம் இலக்கண நூலார், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்தனர். 'அவன் வந்தாள்' என்பது பால்வழு. அதனை எவரும் கண்டுகொள்வர். ஆனால், வாராதவனைக் குறித்து 'அவன் வந்தான்' என்று கூறினால், அதில் வழு ஒன்றும் இல்லை. இருப்பினும் அது பொய். இலக்கணம் வழுவைக் காட்டும், பொய்யைக் காட்டாது. உரைதிருத்தியும் அத்தகையதே. நாற்பது என்று எழுதிய உயரம் மெய்யாகவே நாற்பதுதானா என்பதை மலையிடம் கேட்க வேண்டுமேயன்றிக் கணினியிடம் கேட்டல் ஆகாது.

இதனை நான் கூறியபோது என் பெயர்த்தி உழவரை நோக்கினாள். "மாமா, நாற்பது மீட்டர் என்று எப்படி அளந்தீர்கள்?" என்று வினவினாள். "கண்ணளவுதான் அம்மா" என்றார் அவர். அன்று காலையே மூவரும் ஊற்றுக்குப் புறப்பட்டோம். ஒளி ஊடுருவும் நெகிழிக்குழாயில் நீரை நிரப்பி, இருமுனையிலும் நீர்மட்டம் ஒத்திருப்பதைக் கொண்டு மட்டம் பார்க்கும் முறை கொத்தர்கள் அறிந்த பழைய முறை. அம்முறையால் படிப்படியாக அளந்துகொண்டு கீழிறங்கினர். முதுமையால் நான் பாதி வழியில் ஒரு பாறைமேல் அமர்ந்து, அவர்கள் கூறிய எண்களைக் கையேட்டில் குறித்துவந்தேன். யாவற்றையும் கூட்டியபோது உயரம் 38 மீட்டர் என்று கண்டோம். கண்ணளவுக்கும் கையளவுக்கும் இரண்டு மீட்டர் வேறுபாடு. 75 மில்லிமீட்டர்க் குழாய்க்கு அதனால் தீங்கில்லை என்று மறுகணிப்பில் தெளிந்த பின்னரே அவர்கள் மனம் அமைந்தது.

மாணவர்களே, இவ்வரலாற்றில் பிழை கண்டவர் மூவர். எழுத்துப்பிழையை நீட்சி கண்டது. விடையின் பொருந்தாமையை, ஏட்டுக்கல்வி மிகுதியும் இல்லாத உழவர் தம் பட்டறிவால் கண்டார். அளவின் பிழையை, மலைச்சரிவில் ஏறியிறங்கிய கால்கள் கண்டன. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் பத்துக் குடும்பத்தின் பணம் மண்ணுக்குள் புதைந்திருக்கும். நல்ல கருவி நமக்கு வேண்டும்; அதனை வெறுத்தல் பேதைமை. கருவி குறை கூறவில்லை என்பதனாலேயே குறையில்லை என்று துணிதலும் பேதைமையே.

அன்று ஏட்டில் புள்ளியில்லாத இடத்தில் புலவர்கள் நின்று நிதானித்துப் பொருள் கண்டனர். இன்று நீங்கள் எழுதப்போகும் கோப்புகளைப் படிப்பவை பொறிகள். அவை நின்று நிதானிப்பதில்லை. ஆதலின், நிற்பதும் நிதானிப்பதும் எழுதுவோராகிய உங்கள் கடமை ஆகின்றன. கணக்கில் ஓர் எண்ணை எழுதும்போதெல்லாம் அதன் அலகையும் உடன் எழுதுங்கள். விடை வந்ததும், அதனை அவ்வேலையில் பழகியவர் ஒருவரிடம் கூறி, அவர் முகத்தைப் பாருங்கள். அன்று மாலை கூக்காலில் அடுப்பின் அருகே அமர்ந்திருந்த அவ்வுழவரின் முகம் மலரவில்லை என்பதை என் பெயர்த்தி நோக்கினாளே, அந்த நோக்கே அவள் கற்ற கல்வியின் பயன்.

பயிற்சி

1. ஏட்டுச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதியதற்குக் காரணம் யாது? அதனால் விளைந்த இடர்ப்பாடு யாது?

2. உருவகக் கணிப்பு என்றால் என்ன? உருவக அணியோடு அதனை ஆசிரியர் எவ்வாறு ஒப்பிடுகின்றார்?

3. உரைதிருத்தியின் நீட்சி எழுதுவோர்க்குச் செய்யும் உதவிகளைத் தொகுத்து எழுதுக.

4. முதலில் வந்த 17 என்னும் விடை ஏன் தவறாயிற்று? விளக்குக.

5. "இலக்கணம் வழுவைக் காட்டும், பொய்யைக் காட்டாது." இக்கூற்றை இருவேறு சான்று தந்து நிறுவுக.

6. உங்கள் வீட்டிலோ ஊரிலோ அலகு மயக்கத்தால் நேர்ந்த பிழை ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரையாக வரைக.